லேப் வாங்கித் தரும் பத்துப் பக்கங்கள்

முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள்! பள்ளிக்கூடங்கள் ராத்திரி கண்விழித்து எழுதி அனுப்பும் நிதி விண்ணப்பத்தில், படிப்பவரின் கண் நேராகப் போய் உட்காரும் இடம் பட்ஜெட் அட்டவணை. பள்ளியின் நூற்றாண்டுப் பெருமை, நிறுவனரின் படம், சென்டம் எடுத்த மாணவிகளின் பட்டியல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை எனக்குச் சொன்னவர், ஒரு பெரிய நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவில் பல வருஷம் விண்ணப்பம் படிப்பதே வேலையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். சொன்ன இடம், ஆழ்வார்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் மாடிக் கூடம்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கூடம் களைகட்டுகிறது. மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகளைச் சுற்றி, ஸ்கூட்டரிலும் ஷேர் ஆட்டோவிலும் டீச்சர்கள் வந்து இறங்குகிறார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம், தேனாம்பேட்டை. சிலர் மாநகராட்சியின் ‘சென்னைப் பள்ளி’களில் வேலை செய்பவர்கள். அதிகம் பேர் அரசு உதவிபெறும் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். டி.டி.கே. சாலையை இன்னமும் மவ்பரீஸ் ரோடு என்றே சொல்லும் பெரியவர் ஒருவர்தான் வீட்டுக்காரர். கட்டணம் கிடையாது. சுண்டலும் காபியும் உண்டு. எல்லோர் பையிலும் ஒரு ஃபைல், அதற்குள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் லேப், ஒரு ஸ்மார்ட் வகுப்பறை, ஒரு ரோபாட்டிக்ஸ் அறை கேட்டு எழுதிய புரபோசல். பணம் கேட்டு எழுதும் கடிதம் எப்படிப் பிறக்கிறது, எங்கே அடித்துத் திருத்தப்படுகிறது, எதனால் ஜெயிக்கிறது என்பதைக் கூடவே உட்கார்ந்து பார்க்க எனக்கும் இடம் கொடுத்தார்கள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை!

அன்றைக்கு முதலில் மேஜைக்கு வந்தது ஓர் உதவிபெறும் பள்ளியின் ஃபைல். எழுதியவர் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். முதல் வரி இப்படித் தொடங்கியது: ‘இன்றைய நவீன உலகில் தகவல் தொழில்நுட்பம் இன்றியமையாத ஒன்றாகும்.’ கூடத்தில் எல்லோருக்கும் ‘மேடம்’ ஆகிவிட்ட அந்த அம்மையார் சிவப்புப் பேனாவால் அதை ஒரே கோட்டில் அடித்தார். அடுத்த பத்தியையும் அடித்தார். டீச்சரின் முகம் வாடுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

“இந்த வரி எல்லா ஸ்கூல்லயும் இருக்கு டீச்சர். உங்க ஸ்கூல்ல மட்டும் இருக்கிறத எழுதுங்க. உங்க லேப்ல இப்ப என்ன நடக்குது?”

“பத்து சிஸ்டம் இருக்கு மேடம். ஓடறது ஆறுதான்.”

“கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க?”

“நாப்பத்திரெண்டு. ஒரு சிஸ்டத்துக்கு ஏழு பேர்.”

“அந்த ஏழு பேர்ல மவுஸ் யார் கையில இருக்கும்?”

டீச்சரிடம் உடனே பதில் இல்லை. கூடத்தில் இருந்த மற்ற டீச்சர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தார். ஒரு பக்கத்தில் ஆறு வட்டம், ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் ஏழு புள்ளி. லேப் பீரியட் முழுக்க ஓரமாக நின்று, எந்தப் பிள்ளையின் கை மவுஸில் படுகிறதோ அந்தப் புள்ளிக்கு ஒரு டிக் போட்டிருக்கிறார். வட்டத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிகளில் டிக் குவிந்து கிடந்தது. பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் அப்படியே வெறுமையாக இருந்தன. பின் வரிசையில் நின்ற பிள்ளைகள், எட்டிப் பார்த்துவிட்டு மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு நோட்டுப் பக்கம்! அதில்தான் அந்தப் புரபோசலின் உயிர் இருந்தது. ‘எங்கள் எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல், ஒரு முழு பீரியட் முடிந்தும் மவுஸைத் தொடவில்லை’ என்ற வரி முதல் பக்கத்தின் உச்சிக்குப் போனது. நோட்டுப் பக்கத்தின் நகல் பின்னிணைப்பாகச் சேர்ந்தது.

அதிலிருந்து மற்றதெல்லாம் மளமளவென்று மாறியதைத்தான் பார்க்க வேண்டும். முதல் வரைவில் 20 கம்ப்யூட்டர் கேட்டிருந்தார்கள். “ஏன் 20?” என்று மேடம் கேட்டதற்கு, “ரவுண்டா இருக்கட்டும்னுதான் மேடம்” என்றார் டீச்சர். இருவருக்கு ஒன்று என்று வைத்தால் 42 பேருக்கு 21 வேண்டும். 20க்குக் காரணம் கிடையாது, 21க்குக் காரணம் இருக்கிறது! அந்த 21இல் 6 ஏற்கெனவே ஓடுகிறது. ஆக, கேட்க வேண்டியது 15. பழைய ஆறுக்கும் ரேம் கூட்டி எஸ்.எஸ்.டி. போட்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும். கேட்கிற தொகை குறைந்தது, கேட்பவர் மேல் நம்பிக்கை கூடியது. இருக்கிறதைக் கணக்கில் காட்டிவிட்டு இல்லாததை மட்டும் கேட்கிற பள்ளிக்குப் பணம் தரத்தான் யாருக்கும் மனசு வரும்.

இனி அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். பட்ஜெட் அட்டவணையில் மேடம் என்ன தேடுகிறார் என்று கேட்டேன். “கம்ப்யூட்டர் விலைய நான் பார்க்கவே மாட்டேன். அது எல்லாருக்கும் தெரிஞ்ச விலை. கம்ப்யூட்டருக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பார்ப்பேன்” என்றார். கீழே என்னென்ன இருக்க வேண்டும் என்று அவர் அடுக்க அடுக்க, நான் குறித்துக்கொண்டே போனேன்.

மின்சாரம்தான் முதல் பேச்சு. ஒரு டெஸ்க்டாப்புக்குச் சராசரியாக 150 வாட் என்று வைத்தால், 21க்கு 3,150 வாட். அதோடு விளக்கு, மின்விசிறி. ஏ.சி. வைத்தால் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோவாட். பள்ளிக்கு வாங்கி வைத்திருக்கும் லோடு இதைத் தாங்குமா, த்ரீ பேஸ் இணைப்பு இருக்கிறதா? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்து எழுதி வாங்கியிருக்கிறார்களா? எர்த்திங் சரியாக இருக்கிறதா? சாந்தோம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக உள்ளே வரும், அந்த உப்பு ஈரம் மின் இணைப்புகளை அரித்துவிடும். அறைக்கு எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதுவரை பேசினார்கள்!

அப்புறம் யு.பி.எஸ். பேட்டரி. மூன்று நான்கு வருஷத்தில் மாற்றியாக வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏ.எம்.சி., முதல் வருஷம் வாரண்டியில் போய்விடும், இரண்டாம் வருஷத்திலிருந்து யார் கட்டுவது? இணைய இணைப்பின் மாதக் கட்டணம். ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு, திருட்டுக்குக் காப்பீடு. கணினிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; கொட்டேஷனில் அது சேர்ந்ததா, தனியா? டீச்சர்களுக்குப் பயிற்சி எத்தனை நாள், அந்த நாட்களில் அவர்கள் வகுப்பை யார் பார்ப்பார்கள்?

ஒரு தமிழாசிரியர், ஐந்து வருஷமாகப் பூட்டியே கிடக்கும் லேப் ஒன்றைப் பற்றிச் சொன்னார். எந்தப் பள்ளி என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சாவி வைத்திருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. சேதமானால் நம் தலையில் விழுமே என்ற பயம். பிளாஸ்டிக் உறை போட்டபடியே மானிட்டர்கள் வரிசையாக இருக்கின்றனவாம். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அதனால்தான் இந்தக் கூடத்தில் எழுதப்படும் ஒவ்வொரு புரபோசலிலும் ஒரு பத்தி கட்டாயம்: சாவி யாரிடம், அவர் இல்லாத நாளில் யாரிடம், காலையில் எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், பொருள் பழுதானால் ஆசிரியர் கையிலிருந்து பணம் பிடிப்பதில்லை என்று நிர்வாகம் போட்ட தீர்மானத்தின் தேதி என்ன. பணம் தருபவர் உண்மையில் வாங்குவது இந்தப் பத்தியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இயந்திரத்தை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். கதவைத் திறக்க ஒரு ஆள், அவருக்கு ஒரு பின்துணை, அவருக்குப் பயமில்லாமல் வேலை செய்ய ஒரு தீர்மானம், இவை பள்ளிக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016இல் தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு ‘அடல் டிங்கரிங் லேப்’ அமைக்க 20 லட்சம் ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பிள்ளைகள் புகுந்து விளையாடலாம்: த்ரீ டி பிரிண்டர், சென்சார், சால்டரிங் அயர்ன், ரோபாட்டிக்ஸ் கிட். பள்ளி தன் பங்குக்கு 1,500 சதுர அடி இடம் காட்ட வேண்டும். மலைப் பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் 1,000 போதும். இதில் நான் துள்ளிக் குதித்த இடம் அந்த 20 லட்சத்தின் பிரிப்பு. 10 லட்சம் லேப் அமைக்க, மீதி 10 லட்சம் ஐந்து வருஷம்வரை அதை நடத்த! கருவிக்குச் சமமாக நடத்துவதற்கும் பணம் வேண்டும் என்று அரசின் விதியே சொல்கிறது. மேடம் இதைத்தான் மேற்கோள் காட்டி, “அவங்களே பாதிக்குப் பாதி வைக்கிறாங்க, நீங்க ஏன் பராமரிப்புக்கு 5 பர்சென்ட் போட்டு நிறுத்திக்கிறீங்க?” என்று கேட்கிறார். நாடு முழுக்க 10,000 லேப்கள் இப்படி வந்தாயிற்று. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், அடுத்த ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப் என்று அறிவித்தார்கள்.

அடுத்தது சி.எஸ்.ஆர். 2013ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுவரவு, 5 கோடி நிகர லாபம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளை நேரடியாகப் பணம் வாங்கித் திட்டத்தை நடத்துவதென்றால் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். வாங்கும் பொருள் நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது என்பதும் விதி. ஆகவே பள்ளியின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும், எந்தப் பக்கத்தில் ஏறும் என்றுகூட எழுதிவிடலாம். நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அடுத்த வருஷத்துக்கான செயல்திட்டத்தை முடிவு செய்யும் பேச்சு அதற்கு முன்பே நடக்கும். “ஜூன்ல ஸ்கூல் திறந்தப்புறம் எழுதலாம்னு இருக்காதீங்க. பொங்கல் முடிஞ்ச கையோட உங்க பேப்பர் அவங்க மேஜையில இருக்கணும்” என்கிறார் மேடம்.

தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு உதவ நினைக்கும் நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அதன் வழியாகவே வரலாம். அரசுப் பள்ளி ஹெச்.எம்.களுக்கு இங்கே ஒரு வலுவான ஆயுதம் இருக்கிறது: எஸ்.எம்.சி. என்ற பள்ளி மேலாண்மைக் குழு. அந்தக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. குழுவின் மினிட்ஸ் நோட்டில் இந்தத் தேவை ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அந்தப் பக்கத்தின் நகல் பத்துப் பரிந்துரைக் கடிதங்களுக்குச் சமம். உதவிபெறும் பள்ளிகளின் பாடு கொஞ்சம் சிரமம்தான். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்துவிடும். கட்டடத்துக்கும் கருவிக்கும் நிர்வாகமே வழி தேட வேண்டும். இந்தக் கூடத்தில் அவர்கள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கேட்பவர் பெரியவர், சிறியவர் என்ற பேதமெல்லாம் கிடையாது என்பதற்கு நம் மாநகராட்சியே சாட்சி. 2018இல் மத்திய அரசு ‘சிட்டீஸ்’ என்று ஒரு போட்டி வைத்தது. பிரெஞ்சு வளர்ச்சி முகமையும் ஐரோப்பிய ஒன்றியமும் கூட்டு. நடத்தியது தேசிய நகர்ப்புற விவகார நிறுவனம். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இருந்த நகரங்கள் விண்ணப்பம் எழுதி அனுப்பின. தேர்வானவை 12. எத்தனையோ நகரங்கள் சாலை, பூங்கா, நீர்நிலை என்று எழுதியபோது சென்னை எழுதியது என்ன தெரியுமா? மாநகராட்சிப் பள்ளிகள்! 28 பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மாற்றும் திட்டம், மொத்தம் 95.25 கோடி ரூபாய். அதில் 76.20 கோடி அந்தத் திட்டத்தின் வழியாக வருவது, 19.05 கோடி மாநகராட்சியின் சொந்தப் பங்கு. ஐந்தில் நான்கு பங்கு கிடைக்க வேண்டுமானால் ஒரு பங்கை நாம் முதலில் மேஜையில் வைக்க வேண்டும். எல்டாம்ஸ் ரோட்டு மாடியில் 10 லட்சம் கேட்டு எழுதும் டீச்சருக்கும் அதே பாடம்தான். அவர் பள்ளியின் பங்காக அறை, வெள்ளையடிப்பு, மேஜை நாற்காலி என்று போட்டிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் கணக்கு எழுதி.

அந்தப் போட்டியில் என்னை மயக்கிய விஷயம் இன்னொன்று. ஜெயித்த நகரங்களுக்கு உடனே டெண்டர் விட அனுமதி இல்லை. முதிர்வுக் கட்டம் என்று ஒரு காலம் ஒதுக்கினார்கள். அனுபவசாலிகளை வழிகாட்டிகளாகப் போட்டு, எழுதிய திட்டத்தை மறுபடி எடுத்து, பள்ளிகளுக்குப் போய்ப் பேசி, கணக்கைச் சரிபார்த்து, அப்புறம்தான் வேலை. பணம் கிடைத்த பிறகு உட்கார்ந்து புரபோசலைத் திருத்துகிறார்கள்! நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. ஒரு சிறிய பள்ளிக்கும் ஒரே ஒரு மாதம் இப்படிக் கொடுத்தால் எத்தனை லேப் உருப்படியாக அமையும்.

சுண்டல் வந்தது. தேங்காயும் மாங்காயும் போட்ட பட்டாணிச் சுண்டல். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த சண்டைக்குத் தயாரானார்கள். சண்டை இந்த வரியைப் பற்றி: ‘கணினி வகுப்பால் மாணவர்களின் மதிப்பெண் 30 சதவீதம் உயரும்.’ ஒரு மாநகராட்சிப் பள்ளி ஹெச்.எம். எழுதியது. மேடம் கேட்டார்: “30ன்னு யார் சார் சொன்னது?”

இந்த இடத்தில் கூடத்தின் மூலையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்தார். பொருளாதாரம் படித்தவர், சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிறார். அவர் சொன்ன மூன்று கதைகளுக்காகவே நான் இன்னொரு காபி வாங்கிக்கொண்டேன்.

முதல் கதை பெரு நாட்டுடையது. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கிராமப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 பள்ளிகளில் அளந்து பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள்: கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. இரண்டாவது கதை குஜராத்தில் நடந்தது. கியான் சாலா என்ற தொண்டு நிறுவனத்தின் வகுப்புகளில் ஒரே கணக்கு மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார் லீ லிண்டன் என்ற ஆய்வாளர். டீச்சர் பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக்கொண்டு கணினி வந்தபோது பிள்ளைகள் கற்றது குறைந்தது. வகுப்பு முடிந்த பிறகு கூடுதல் நேரமாக வந்தபோது கற்றது கூடியது. அதே மென்பொருள்தான், அதே மாதிரிப் பிள்ளைகள்தான்! மூன்றாவது டெல்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 2015இல், பள்ளி விட்ட பிறகு ‘மைண்ட்ஸ்பார்க்’ மையங்களுக்குப் போன பிள்ளைகளைத் தொடர்ந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புக் கணக்கில் நின்றால், மென்பொருள் அந்த நாலாம் வகுப்பிலிருந்தே தொடங்கும். நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் நல்ல முன்னேற்றம். அந்த ஆய்வு 2019இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளிவந்தது.

எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் இதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப நான் கணக்கு பீரியட்ல லேப் போட்டது தப்பா சார்?” தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவரே கால அட்டவணையை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். கணக்கு பீரியட் கணக்குக்கே இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்ட பிறகு, ஒன்றேகால் மணி நேரம் லேப் திறக்கட்டும்.

அந்த ஒரு திருத்தத்தால் பட்ஜெட் மறுபடி குலுங்கியது. பிள்ளைகள் சாயங்காலம் இருந்தால் பசிக்கும். சுண்டலோ பிஸ்கட்டோ வேண்டும். ஆயாம்மா கூட ஒரு மணி நேரம் இருக்க வேண்டும், அவருக்குத் தனியாகப் பணம். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தம்பியும் லேபுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து படிக்கலாம், அங்கே ஒரு விளக்கு போட்டுவிட்டால். அந்த விளக்கும் பட்ஜெட்டில் ஏறியது! தொழில்நுட்ப நிதிக்கான விண்ணப்பத்தில் சுண்டலுக்கும் வராந்தா விளக்குக்கும் இடம் கிடைத்ததைப் பார்த்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியும் விட்டேன்.

30 சதவீத ஹெச்.எம். தன் வரியை இப்படி மாற்றினார்: ‘ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தானே கணினியை இயக்குவார். ஜூலையில் ஒரு அடிப்படைக் கணக்குத் தேர்வு, பிப்ரவரியில் அதே தரத்தில் இன்னொன்று. இரண்டின் முடிவையும் அப்படியே அனுப்புவோம்.’ வாக்குறுதி சின்னது, ஆனால் காப்பாற்றக்கூடியது. படிப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்கிறார் மேடம்.

தலைக்கு எவ்வளவு என்ற கணக்கையும் போட்டுப் பழகுகிறார்கள். மொத்தம் 10 லட்சம், லேபைப் பயன்படுத்தும் பிள்ளைகள் 400, ஐந்து வருஷம் ஓடும் என்றால், ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 500 ரூபாய். இந்த ஒரு வரியை நிறுவனத்தின் கமிட்டியில் எடுத்துச் சொல்வது சுலபம். பள்ளிக்காக உள்ளே வாதாடப்போகும் அதிகாரிக்கு நாமே வாதத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

சில விஷயங்களை மேடம் வேகமாக ஓட்டிவிடுகிறார். பள்ளியின் அடையாளமான யூடைஸ் எண் பதினோரு இலக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிக்கு 33இல் ஆரம்பிக்க வேண்டும், ஒரு இலக்கம் மாறினாலும் விண்ணப்பம் வேறு பள்ளியின் பெயரில் போய்விடும். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உள்ள மாணவர் எண்ணிக்கையும் புரபோசலில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். மூன்று கொட்டேஷன், மூன்றும் வேறு வேறு கடை, ஒரே தரக்குறிப்பு. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அரசுப் பணம் என்றால் வருஷக் கடைசியில் யூ.சி. (பயன்பாட்டுச் சான்றிதழ்) போக வேண்டும், 12-ஏ படிவத்தில். வந்த பணம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அடுத்த தவணை அதை நம்பித்தான் இருக்கிறது. பில்களை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் கோத்து வைப்பவருக்கு யூ.சி. அரை மணி நேர வேலை. வைக்காதவருக்குக் கோடை விடுமுறை முழுக்கப் போய்விடும்.

மறுப்புக் கடிதத்தை மட்டும் அவசரப்படாமல் பேசினார். “ரிஜக்ட் ஆயிடுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க. எதனாலன்னு மரியாதையா கேளுங்க. பத்துக்கு ஒன்பது பேர் கேக்கறதே இல்ல. கேட்டவங்க பேர் எனக்கு ஞாபகம் இருந்திருக்கு, அடுத்த வருஷம் அவங்க பேப்பர் வந்தா நானே முதல்ல எடுத்திருக்கேன்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்தவர் இப்படிச் சொல்வதைக் கேட்க எத்தனை தெம்பு!

அப்புறம் கூடத்தின் பெரிய கொண்டாட்டம்: ஒத்திகை நேர்காணல். இரண்டு மேஜையை இழுத்துப் போட்டு, சக டீச்சர்களே நிறுவன அதிகாரிகளாக உட்கார்கிறார்கள். 30 சதவீத ஹெச்.எம். இப்போது தலைவர் நாற்காலியில். பாவம் பார்க்கவே இல்லை அவர்! மேஜை மேல் பேனாவைத் தட்டித் தட்டிக் கேட்கிறார். எதிரில் நம் கணக்கு டீச்சர், ஃபைலை மார்போடு அணைத்தபடி.

“உங்க ஸ்கூலுக்கு ஏன் தரணும்? பக்கத்துல இன்னும் ஏழைப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் இருக்கே?”

“இருக்கு சார். சாயங்கால பேட்ச்ல அந்த ஸ்கூல் பிள்ளைங்க பத்து பேருக்கு இடம் வச்சிருக்கோம். அந்த ஹெச்.எம். கடிதம் இணைச்சிருக்கு.”

மேடம் புருவத்தை உயர்த்தினார். இது அவருக்கும் தெரியாத செய்தி. டீச்சரே போய்க் கேட்டு வாங்கிவந்திருக்கிறார்.

“நீங்க மாற்றலாகிப் போயிட்டா?”

“உதவிபெறும் ஸ்கூல் சார், சட்டுனு மாத்த மாட்டாங்க. ஆனா நான் ரிடையர் ஆவேன். அதனால சயின்ஸ் மிஸ் இன்னொருத்தர் இந்த டேர்ம்லேர்ந்தே கூட நிக்கிறாங்க. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு.”

“மூணாவது வருஷம் பேட்டரி போச்சுன்னா, திரும்பி எங்ககிட்டதான வருவீங்க?”

“வரமாட்டோம் சார். பழைய மாணவர் சங்கத்துல வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கித் தீர்மானம் போட்டாச்சு. மினிட்ஸ் காப்பி ஏழாம் பக்கம்.”

ஹெச்.எம். பேனா தட்டுவதை நிறுத்திவிட்டு ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். தீர்மானத்தின் தேதி, கையெழுத்து, முத்திரை, மூன்றையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தன் சொந்தப் பள்ளியின் ஃபைலைப் பையிலிருந்து எடுத்து, “இந்தத் தீர்மானத்தோட வாசகம் எனக்கும் ஒரு காப்பி வேணும் டீச்சர், எங்க எஸ்.எம்.சி. கூட்டம் வர்ற வெள்ளிக்கிழமைதான்” என்றார்.